பால் வடியும் நேரத்துக் கதை

ரப்பர் மரத்தில் கோடு வெட்டி முடித்த கையோடு பாலை எடுத்துவிட முடியாது. இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குகிறவர்கள் கடைசி மரத்துக்கு வரும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். அந்தக் கடைசி மரம் வடிந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். முக்கால் மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம். தோட்டத்தில் அதுதான் பசியாறும் நேரம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்குக்குப் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், அந்த நேரத்தில்தான் என் சின்னத்தை சினிமாக் கதை சொல்வார்.

நான் 1960இல் பிறந்தவள். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று இப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறேன். சிறு வயதில் பள்ளி விடுமுறை வந்தால் அம்மாவோடு ஒட்டுப்பால் பொறுக்கப் போவேன். கோட்டில் காய்ந்து நிற்கும் ரப்பர் நூலை உரித்துப் பைக்குள் போடும் வேலை. விரல் நுனியில் அந்த நாற்றம் ஒரு வாரத்துக்குப் போகாது. ஆனாலும் போவேன், கதைக்காக.

கதை சொல்வது, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பொழுதுபோக்காக மட்டும் இருக்கவில்லை, கடனைத் தீர்ப்பதுபோல ஒரு முறையாகவே இருந்தது. சம்பளம் போட்ட வாரத்தில் யாராவது ஒருத்தர் டவுனுக்குப் படம் பார்க்கப் போவார். அவர் பிள்ளையைப் பக்கத்து வீடு பார்த்துக்கொள்ளும். எதிர் வீட்டில் அவருக்கும் சேர்த்து உலை வைப்பார்கள். போனவர் திரும்பி வந்து படத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த மாதம் அவர் பிள்ளையை யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். அப்படிப் போகிறவர்களில் சின்னத்தைக்குத்தான் எப்போதும் முதல் இடம். மற்றவர்கள் நடந்ததைச் சொல்வார்கள், அத்தை சொன்னால் கண் முன்னால் நடக்கும்.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது என்று ஒருமுறை அத்தையைக் கேட்டேன். "சோறு இல்லாத காலத்துல" என்றார். 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் ஆனது. 1960 ஜூலைவரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக் கூடாது என்பதற்காக, உணவுக் கட்டுப்பாடு இருந்த வட்டாரங்களில் தோட்டத்து வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோகக்கூடத் தடை. வாசலில் தூக்குச் சட்டியைத் திறந்து பார்ப்பார்கள், பெண்களின் இடுப்புத் துணியையும் தடவிப் பார்ப்பார்கள். அத்தை 1940இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பாட்டிக்கு உதவியாக வெட்டுக்குப் போனவர். "பால் நிக்கிற வரைக்கும் பசியோட குந்திக்கிட்டிருக்கணும். அப்பத்தான் யாராச்சும் படக்கதை சொல்லுவாங்க. பசி தெரியாம இருக்கும்." மரத்தடியில் சோறு இல்லாமல் கிடந்த நேரத்தைக் கதையால் நிரப்பியிருக்கிறார்கள். சோறு திரும்பி வந்த பிறகும் கதை நிற்கவில்லை.

அந்தக் கதைகளுக்கெல்லாம் முன்னால் விளம்பரம் வந்து நின்றது. இன்றைக்குப் பிள்ளைகள் 'பில்டப்' என்கிறார்கள். அதற்குத் தமிழ் சினிமாவில் முதல் பெரிய உதாரணம் எஸ்.எஸ்.வாசனின் 'சந்திரலேகா'. ஜெமினி ஸ்டூடியோவில் ஐந்து வருஷம் எடுத்து, 30 லட்சம் ரூபாய்வரை செலவழித்து, 1948 ஏப்ரல் 9இல் வெளியிட்டார். பத்திரிகைக்காரரான அவருக்கு மக்களை எதிர்பார்க்க வைக்கத் தெரிந்திருந்தது. கத்திச் சண்டை, சர்க்கஸ், என்.எஸ்.கிருஷ்ணனும் மதுரமும் செய்த சிரிப்பு, ராட்சத முரசுகள்மேல் ஆடும் நடனம் என்று எல்லாவற்றையும் ஒரே இலையில் பரிமாறிய படம் அது. அப்பா அதைச் சுங்கைப் பட்டாணியில்தான் பார்த்தார். "முரசு முரசுன்னு ஆறு மாசம் சொன்னானுங்க. போய்ப் பார்த்தா அவனுங்க சொன்னதவிடப் பெருசா இருந்துச்சு" என்பார். அப்பா சினிமாவைப் பாராட்டி நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். சொன்னதைச் செய்து காட்டிவிட்டால் எவ்வளவு முழக்கம் போட்டாலும் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

எங்கள் காலத்தில் விளம்பரம் லாரியில் வந்தது. இரண்டு பக்கமும் தட்டி கட்டி, மேலே ஒலிபெருக்கி வைத்து, செம்மண் பாதையில் புழுதி பறக்க வரும். நோட்டீஸை அள்ளி வீசுவார்கள். பச்சையிலும் ரோஜா நிறத்திலும் மெல்லிய தாள், கை வேர்வை பட்டால் சாயம் ஒட்டும். அந்தத் தாளைச் சேர்த்துச் சேர்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினேன். டவுனில் பாட்டுப் புத்தகமும் விற்கும். அதில் கதைச் சுருக்கத்தைப் பாதி சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்திவிடுவார்கள். அந்த மீதி எங்கள் லயத்துக்கு அத்தையின் வாய் வழியாகத்தான் வரும்.

தோட்டத்துக்கே படம் வந்த நாட்களும் உண்டு. தகவல் இலாகா வேன் வரும். நிர்வாகம் காசு கொடுத்து வரவழைத்த படமும் வரும். திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணியைக் கட்டுவார்கள். முதலில் கொசுவைப் பற்றியோ கூட்டுறவைப் பற்றியோ அரசாங்கப் படம், அதற்கப்புறம்தான் தமிழ்ப்படம். ஜெனரேட்டர் இரைச்சலுக்குப் பக்கத்தில் கணக்கெழுதும் கிராணி வீட்டாருக்கு நாற்காலி, எங்களுக்குப் பாய். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்காருவார்கள். அத்தை இடம் இருந்தாலும் பின்னால்தான் உட்காருவார், அங்கே காற்று வரும் என்று. பின்னாலிருந்து பார்த்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி ஓடும், வலது இடதாகிவிடும். மறுநாள் மரத்தடியில், "எம்.ஜி.ஆர். இடக்கையாலயே வாளை உருவினாரு" என்று அத்தை சாதிப்பார். முன்னால் உட்கார்ந்தவர்கள் இல்லை என்பார்கள். அன்றைய பால் வடியும் நேரம் முழுவதும் அந்த வழக்கிலேயே போய்விடும்.

நல்ல படமும் வந்தது, ஏமாற்றிய படமும் வந்தது. இரண்டாவது வகைதான் அதிகம் என்று நினைக்கிறேன். ஒரு படம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது. லாரி மூன்று முறை வந்து போனது. பெரிய நடிகர், பன்னிரண்டு சண்டை, விழுந்து விழுந்து சிரிக்க ஒரு பட்டாளம் என்று கத்தினார்கள். அத்தையும் இன்னும் இரண்டு பெண்களும் போனார்கள். மூவரும் திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. மற்ற இருவரும் "வீண் செலவு" என்று படுத்துவிட்டார்கள். அத்தை மட்டும் மறுநாள் சொல்லத் தொடங்கினார். நாயகனின் தாய் கொட்டும் மழையில் அடகுக் கடை வாசலில் நின்று, கைவளையைக் கழற்ற முடியாமல், சோப்பு வாங்கக் காசில்லாமல், மழைத் தண்ணீரையே தேய்த்துத் தேய்த்துக் கழற்றும் இடத்தைச் சொன்னபோது அம்மா கோட்டைத் துடைக்கும் துணியால் கண்ணைத் துடைத்தார்.

பதினைந்து வருஷம் கழித்து அதே படம் ஆர்.டி.எம். தொலைக்காட்சியில் ஓடியது. அந்த மழைக் காட்சிக்காகக் கடைசிவரை காத்திருந்தேன். வரவில்லை. படத்தில் தாயே இல்லை. முதல் காட்சியிலேயே மாலை போட்ட போட்டோவாகத்தான் இருந்தாள். அத்தையிடம் கேட்டேன். "அவ்ளோ பெரிய சண்டை போடுறவனுக்கு ஒரு காரணம் வேணாமா? அவனுங்க வைக்கல. நான் வச்சேன்" என்றார்.

டிக்கெட் காசு சிறியதாக இருந்தாலும் எங்களுக்கு அது பெரியது. ஐம்பதுகளின் கடைசியில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். தலைமுறையாக இருந்தவர்கள் திடீரென்று தெருவுக்கு வந்தார்கள். அமைச்சராக இருந்த வீ.தி.சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் எங்கள் கெடாவில்தான், புக்கிட் சீடிம், 1961இல். அப்பா அந்தப் பங்கைக் கட்டி முடிக்கும்வரை எங்கள் வீட்டிலிருந்து யாரும் டவுனுக்குப் படம் பார்க்கப் போகவில்லை. பத்து மாதம். அந்தப் பத்து மாதமும் அம்மாவுக்கு சினிமா என்றால் அத்தை சொன்ன கதைதான். ஒரு டிக்கெட் என்பது எதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வாங்கியது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் காசுக்கு மரியாதை தராத படத்தின்மேல் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அத்தையின் கூட்டல் தேவைப்படாத படமும் வந்தது. 'உலகம் சுற்றும் வாலிபன்', 1973 மே 11. எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்ட ஏழாவது மாதத்தில், அவ்வளவு எதிர்ப்புக்கு நடுவில் வெளிவந்தது. சுவரொட்டிக்கு வரியை ஏற்றியதால் தமிழ்நாட்டில் ஸ்டிக்கர் ஒட்டி விளம்பரம் செய்தார்கள் என்பார்கள். மின்னல் சக்தியைப் பிடித்து வைக்கும் விஞ்ஞானி அண்ணன், அவரைத் தேடிப் போகும் சி.பி.ஐ. தம்பி, இரண்டும் எம்.ஜி.ஆர். ஹாங்காங், தாய்லாந்து, ஜப்பானில் எக்ஸ்போ 70 கண்காட்சி என்று படம் சுற்றுகிறது. சண்டையும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளாமல் போகும். அத்தை அதை ஆறு நாள் சொன்னார். நடுவில் இரண்டு நாள் மழை. மழையில் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கதையும் இல்லை. அந்த இரண்டு நாளும் கூலி போன கவலையோடு, தம்பி எந்த ஊரில் மாட்டிக்கொண்டு நிற்கிறானோ என்ற கவலையும் லயம் முழுக்க இருந்தது.

எண்பதுகளில் வீடியோ வந்தது. 1996இல் அஸ்ட்ரோ தொலைக்காட்சி வந்தது. நடுவில் ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குப் பால் வடியக் காத்திருக்கும் நேரம் கிடையாது. லயங்கள் காலியாகி, மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் சிதறினார்கள். எங்கள் பக்கத்துப் பெரிய ஹார்வர்டு தோட்டத்தின் பெயரில் இன்று கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அதே பெயரில் தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன, அதுவே ஆறுதல்.

ஹார்வர்டு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1947இல் அங்கிருந்துதான் ஏ.எம்.சாமி தொண்டர் படையை நடத்தினார். சம்பள நாளில் கள்ளுக்கடை வாசலில் நின்று தொழிலாளரைத் தடுத்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். அந்த வருஷம் பிப்ரவரி கடைசியில் பீடோங்கில் நடந்த கைகலப்பில் போலீஸிடம் அடிபட்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அதன் பின்னால் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. இதையெல்லாம் ஒருநாள் சினிமாவில் பார்ப்போம் என்று நான் நினைத்ததே இல்லை.

2016 ஜூலை 22இல் 'கபாலி' வந்தது. விமானத்தில் ரஜினியின் முகம் வரைந்து பறக்கவிட்டார்கள். சென்னையில் சில கம்பெனிகள் படம் பார்க்க லீவே விட்டன. இங்கே கட் அவுட்டுக்குப் பாலை ஊற்றினார்கள். பால் என்றால் எங்களுக்கு வாளியில் சுமந்து ஸ்டோரில் நிறுத்தது. ஒரு சொட்டு சிந்தினாலும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் திட்டுவார். எந்தப் பாலானாலும் கீழே ஊற்றுவதைப் பார்க்க என்னால் முடியாது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அத்தைக்கு அப்போது 76 வயது. பிடிவாதமாக எங்களோடு வந்தார். தோட்டத்தில் சமகூலி கேட்டு நிற்கும் கபாலி திரையில் வந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பின் வரிசையில் பையன்கள் "எப்பதான் அடிப்பாரு?" என்று அலுத்துக்கொண்டார்கள். அவர்கள் வேறு ஒரு ரஜினியை எதிர்பார்த்து வந்திருந்தார்கள். விளம்பரம் அவர்களை அப்படித்தான் வரச் சொல்லியிருந்தது. இயக்குநர் பா.ரஞ்சித் எங்களைப் பற்றிப் பேச வந்தவர், அதற்காக அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் ஏமாற்றம் வேறு திசையில் இருந்தது. "இன்னுங் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம்" என்றார் அத்தை, காரில் ஏறும்போது. அவ்வளவு பெரிய வரலாறு, கோட் சூட்டுக்கும் துப்பாக்கிக்கும் வழிவிட்டுச் சீக்கிரம் ஒதுங்கிவிட்டது. முந்தின டிசம்பரில்தான் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்திருந்தது. தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பத்துப் பையனின் கதை, இங்கே பிறந்த கைகள் எடுத்த படம். அதற்கு விமானமும் இல்லை, பாலும் இல்லை. என் வகுப்பில் நாற்பது பேரில் மூன்று பேர்தான் பார்த்திருந்தார்கள்.

ரஜினியின் பழைய படம் 'பாபா' 2002இல் சரிந்தபோது நஷ்டப்பட்ட விநியோகஸ்தர்களுக்கு அவர் பணத்தைத் திருப்பித் தந்தார். அதைப் பெரிய மனசு என்றுதான் சொல்வேன். டிக்கெட் வாங்கியவரின் அரை நாளை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியாது.

பிறகு 'பீஸ்ட்'. 2022 ஏப்ரல் 13. கோவிட்டுக்குப் பிறகு எல்லையைத் திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. முகக்கவசத்தோடுதான் தியேட்டருக்குள் போனோம். மறுநாள் சித்திரைப் புத்தாண்டு. 'அரபிக் குத்து' பிப்ரவரியிலிருந்து வீட்டில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. 'டாக்டர்' படத்தைச் சிரிக்கச் சிரிக்க எடுத்த நெல்சன், கூட விஜய். என் பேரன் ஆன்லைனில் முதல் காட்சிக்கு இடம் பிடித்தான். "பாட்டி, இந்தப் படம் மட்டும் மிஸ் பண்ணக் கூடாது" என்றான். இரண்டு வருஷம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளை. அவன் முகத்துக்காகவே போனேன்.

சென்னையில் ஒரு வணிக வளாகத்தைத் தீவிரவாதிகள் பிடித்துக்கொள்கிறார்கள். உள்ளே தற்செயலாக முன்னாள் 'ரா' உளவு அதிகாரி வீரராகவன் இருக்கிறார். வி.டி.வி. கணேஷ் பேசும்போது சிரித்தேன், மறைக்க மாட்டேன். செல்வராகவன் நிதானமாக நடித்திருந்தார். ஆனால் வீரராகவனுக்கு ஒருமுறைகூட வேர்க்கவில்லை. அவர் தோற்றுவிடுவாரோ என்று ஒரு நொடியும் நாம் பயப்பட வேண்டியதில்லை. பயம் இல்லாத இடத்தில் சிரிப்பும் ஒட்டாது. அடைபட்டுக் கிடக்கும் அத்தனை மக்களும் சுவரில் வரைந்த படம்போல் இருந்தார்கள். கடைசியில் போர் விமானம். தியேட்டர் முதல் இருபது நிமிஷம் விசிலடித்தது, பிறகு கைப்பேசி வெளிச்சம் ஒவ்வொன்றாக எரிந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. அது நோன்பு மாதம். கெட்டவன் என்றால் முஸ்லிம் என்று எழுதிவிடும் சோம்பலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று மாலை பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வழக்கம்போல் வேலிக்கு மேல் கையை நீட்டி நோன்புக் கஞ்சியைக் கொடுத்தார். வாங்கும்போது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

பேரன் வழி முழுக்கப் பேசவில்லை. என் சின்ன வயதில் நான் பார்த்த, நோட்டீஸைக் கசக்கி எறிந்த பெரியவர்களின் முகம் அவனுக்கும் வந்திருந்தது. அவர்களுக்கு மறுநாள் மரத்தடி இருந்தது, இவனுக்கு அது இல்லை என்பதுதான் என்னை வருத்தியது.

சனிக்கிழமை பாடாங் செராய்க்கு அத்தையைப் பார்க்கப் போனோம். இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வருஷமாகக் கட்டிலில் இருந்தார்.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, "படம் பார்த்தீங்களாமே. கதையச் சொல்லு பிள்ளே" என்றார்.

சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"அப்புறம்?"

"அவ்ளோதான் அத்தை. ஏரோப்ளேன் ஓட்டிக்கிட்டுப் போய்த் தலைவனைப் பிடிச்சிட்டு வந்துடுறாரு."

"உள்ள மாட்டிக்கிட்டவங்க எத்தனை பேரு?"

"நெறைய பேரு."

"அவங்களுக்குச் சாப்பாடு யாரு கொடுத்தா? பிள்ளைங்க அழுவலியா?"

"அதெல்லாம் காட்டல, பாட்டி" என்றான் பேரன்.

அத்தை கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னார். பேரன் பின்னால் கை கொடுத்துத் தூக்கி உட்கார வைத்தான்.

"அந்தக் கூட்டத்துல ஒரு பொம்பள இருக்கா, கைப்பிள்ளக்காரி" என்று ஆரம்பித்தார். "மூணு மணிக்கே பால் டின்னு காலியாப் போச்சு அவளுக்கு..."